ஏழு மாதக் கிளிக்கு மஞ்சள் இறகு: வருத்தமோ, வடிவோ?

கோண்டாவிலான் | ஆகஸ்ட் 14, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். இவ்வளவு நாளும் வாசித்துவிட்டுப் பேசாமல் போகிற ஆள் நான். இன்றைக்குத்தான் முதல் முறையாக எழுதுகிறேன்.

வீட்டில் ஒரு ரிங்நெக் கிளி (வளர்ந்த ஆணுக்குக் கழுத்தில் ஆரம் வருகிற பச்சைக்கிளி) நிற்கிறது, பெயர் சீனி. தை மாதம் பொரித்த குஞ்சு என்று சொல்லி சித்திரையில் தந்தார்கள். வாங்கும்போது முழுப் பச்சை. முதுகில் மட்டும் ஐந்தாறு இடத்தில் மஞ்சள் தூவினமாதிரி இருந்தது. "குஞ்சு இறகு, கொட்டிவிடும்" என்றார் தந்தவர். இப்போது இடது செட்டையில் இரண்டு பெரிய இறகு சுத்த மஞ்சளாக நிற்கிறது. வலது செட்டையில் ஒன்றும் இல்லை.

தந்தவருக்குப் படம் அனுப்பினேன். "தம்பி, உது பைட், பரம்பரையாகவே திட்டுத் திட்டாய் நிறம் வாற வகை. உங்களுக்கு அதிர்ஷ்டம், இப்ப வித்தால் மூன்று மடங்கு விலை போகும்" என்கிறார். பக்கத்து வீட்டு மாமி, கிளிக்கு ஈரல் வருத்தம் என்கிறா. அம்மா நாவூறு என்கிறா. கிளி என்னவோ நல்லாய்த்தான் தின்கிறது, கத்துகிறது, என் காதைக் கடிக்கிறது.

யாரை நம்புவது?

கொடிகாமம்90 | ஆகஸ்ட் 14, இரவு 9.40

மச்சான், செத்தல் மிளகாய் குடுக்கிறனியோ? எங்கட அப்பப்பா கிளிக்கு ஒவ்வொரு நாளும் இரண்டு மிளகாய் போடுவார். சொண்டு இரத்தச் சிவப்பாக இருக்கும். மிளகாய் குறைந்தால் இறகு வெளிறும். இது ஊரறிந்த விசயம்.

பனைவடலி | ஆகஸ்ட் 15, காலை 6.05

தம்பி கொடிகாமம், அப்பப்பாவின் கிளி மிளகாய் தின்றிருக்கும், சொண்டும் சிவப்பாய் இருந்திருக்கும். ஒன்றால் மற்றது வந்தது என்பதுதான் பிழை.

நான் சாவகச்சேரியில் முப்பது வருசம் உயிரியல் படிப்பித்தவன், கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

மிளகாய்க் கதை கனேரிக் குருவியிடமிருந்து வந்தது. கனேரிக்கு இறகு கொட்டி முளைக்கிற காலத்தில் சிவப்புக் குடைமிளகாய் கொடுத்தால் மஞ்சள் இறகு செம்மஞ்சளாக வரும். அதன் நிறம் தீனியிலிருந்து போகிறது. முருங்கையிலை மேய்கிற ஊர்க்கோழியின் முட்டைக்கரு சிவப்பதும் அதே வழிதான். கிளிச் சாதி அப்படியில்லை. கிளியின் மஞ்சளும் சிவப்பும் சிட்டகோஃபுல்வின் என்கிற நிறப்பொருளால் வருபவை. அதைக் கிளி தீனியிலிருந்து எடுப்பதில்லை, இறகு முளைக்கிற குழியிலேயே தானே செய்துகொள்கிறது. மூட்டை மூட்டையாக மிளகாய் போட்டாலும் பச்சை இறகு சிவக்காது.

அடுத்தது பச்சை. கிளியின் உடம்பில் பச்சைச் சாயம் என்று ஒன்று கிடையாது, நீலச் சாயமும் கிடையாது. இறகு இழைக்குள் கடற்பஞ்சுமாதிரி நுண்ணிய காற்றறைகள் இருக்கின்றன, அவை வெளிச்சத்தைச் சிதறி நீலமாகக் காட்டுகின்றன. அதற்கு அடியில் மெலனின் என்ற கறுப்புப் படலம் இருந்து மிச்ச வெளிச்சத்தை விழுங்குகிறது. மேலே மஞ்சள். நீலத்தை மஞ்சளுக்கூடாகப் பார்க்கிறோம், பச்சையாகத் தெரிகிறது.

வீட்டில் நீல லவ் பேர்ட்ஸ் வைத்திருக்கிறவர்கள் விழுந்த இறகு ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கோ. நீலம் காணாமல் போய், ஊத்தைச் சாம்பலாகத் தெரியும். அம்மியில் வைத்து நசுக்கினாலும் நீலம் திரும்பி வராது. வகுப்பில் பிள்ளைகள் அதிசயப்பட்ட ஒரே பாடம் இதுதான்.

இனி உங்கள் கேள்வி. பச்சை இறகில் மெலனின் மட்டும் இல்லாமல் போனால் என்ன மிஞ்சும்? மஞ்சள். ஆகவே "மஞ்சள் வந்துவிட்டது" என்று பார்க்காதேயுங்கோ. கறுப்பு வராமல் போயிருக்கிறது. ஏன் வரவில்லை என்பதுதான் கேள்வி. பரம்பரையாக இருக்கலாம், அந்த இறகு முளைத்த கிழமைகளில் சத்துக் குறைந்திருக்கலாம், குழியில் காயம் பட்டிருக்கலாம், ஈரல் பழுதாக இருக்கலாம், வைரசாகவும் இருக்கலாம். படத்தைப் பார்த்து இன்னதுதான் என்று சொல்கிறவரை நான் நம்பமாட்டேன், என்னையும் சேர்த்து.

சொண்டுக்காரி | ஆகஸ்ட் 15, பகல் 1.22

சேர் சொன்னதுக்கு மேலே நிறத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் தம்பி, நிறத்தைக் கொஞ்சம் மறந்துவிட்டு இறகின் உருவத்தைப் பாரும். நான் இதைப் பணம் கட்டிப் படித்தனான்.

மானிப்பாயில் எங்கள் வீட்டுப் பின்விறாந்தையில் பதினொரு ஆபிரிக்க லவ் பேர்ட்ஸ் நின்றன. ஒரு நாள் வடிவாய் இருக்குதே என்று ஒரு இளஞ்சோடி வாங்கிக்கொண்டு வந்தேன். பச்சையில் அங்கங்கே மஞ்சள். "அபூர்வ நிறம்" என்றுதான் எனக்கும் சொன்னார்கள். ஒரு நாள்கூடத் தனியாக வைக்காமல் நேரே பெரிய கூட்டுக்குள் விட்டேன். இரண்டு மாதத்தில் அந்தச் சோடியின் புது இறகுகள் உறை கழராமல் ஊசிமாதிரியே நின்றன. பிடித்துப் பார்த்தால் தண்டின் அடி, நூலால் இறுக்கிக் கட்டினமாதிரி ஒடுங்கியிருக்கும், உள்ளே கறுத்த இரத்தம். வாலிறகு முறுகி வந்தது. பிறகு என் பழைய பறவைகளின் குஞ்சுகளுக்கும் அதே கதை. மிருக வைத்தியர் பார்த்துவிட்டுச் சொண்டு–இறகு நோய் என்றார். சர்க்கோ வைரஸ். மருந்து இல்லை. எச்சத்திலும் இறகுத் தூசியிலும் பரவும், வெறும் சவர்க்காரத் தண்ணிக்குச் சாகாது, கூட்டில் கனகாலம் கிடக்கும். குஞ்சுகளைத்தான் முதலில் பிடிக்கும். பதினொன்றில் நாலு மிஞ்சியது.

ஆகவே நான் கேட்கிறதுக்குப் பதில் சொல்லும்:

மஞ்சள் இறகின் தண்டு நேராக, வெள்ளையாக இருக்கிறதா? உறை கழர்ந்ததா? இறகு கொட்டின இடம் வெறுமையாகக் கிடக்கிறதா, புதுசு முளைக்கிறதா? சொண்டு மினுங்குகிறதா? வீட்டில் வேறு பறவை நிற்கிறதா? தீனி என்ன? கடைசிக் கேள்விக்கு வெட்கப்படாமல் உண்மையைச் சொல்ல வேணும்.

பனைவடலி | ஆகஸ்ட் 15, பகல் 2.10

இன்னுமொன்று கேட்க வேணும். இது கூட்டில் பொரித்ததா, அல்லது மொட்டைப் பனைப் பொந்திலிருந்து இறக்கினதா? எங்கள் பக்கம் வட்டு விழுந்த பனை ஒவ்வொன்றிலும் பச்சைக்கிளி பொந்து வைத்திருக்கிறது. பொடியள் ஏறுவதும் எனக்குத் தெரியும். ஊர்க்காட்டுக் கிளி என்றால் விசயம் வேறு, வனசீவராசிகள் திணைக்களத்தில்தான் முதலில் கேட்க வேணும்.

கோண்டாவிலான் | ஆகஸ்ட் 15, இரவு 8.55

சேர், கூட்டில் பொரித்ததுதான். காலில் மூட்டில்லாத வளையம் கிடக்கிறது. குஞ்சுக் காலில்தான் அதைப் போடலாம், வளர்ந்த காலில் ஏறாது என்று படித்தேன். (கிளிக்குக் கழுத்தில் ஆரம் இன்னும் வரவில்லையே என்று நான் சொல்ல, "அதுதானே காலில் கிடக்குது" என்றா அம்மா.)

அக்கா, நீங்கள் கேட்டபடி பார்த்தேன். கீழே விழுந்து கிடந்த மஞ்சள் இறகு ஒன்றை மேசையில் வைத்து, மேசை விளக்கைக் கிட்டப் பிடித்து, அடிமட்டத்தால் அளந்தேன். தண்டு நேர், அடிப்பக்கம் வெள்ளையாக வெறுமையாக இருக்கிறது, இரத்தம் இல்லை. ஆனால் நுனியிலிருந்து 2 சென்ரிமீற்றரில் குறுக்காக ஒரு கோடு ஓடுகிறது. மெல்லிய கோடு, கண்ணாடி மாதிரி. நகத்தால் தடவினால் அந்த இடத்தில் இழைகள் உதிர்கின்றன. முதுகிலிருந்து விழுந்த சின்ன இறகிலும் அதே கோடு, அதற்குக் கீழேதான் மஞ்சள். நுனி பச்சை!

கொட்டின இடத்தில் புதுசு முளைக்கிறது. வேறு பறவை இல்லை. சொண்டு நல்லாய் இருக்கிறது.

தீனி... காலையில் பாணைத் தேத்தண்ணியில் நனைத்துக் கொடுப்போம். மத்தியானம் சோறு. மற்றபடி கோப்பை நிறையச் சூரியகாந்தி விதை. அதைத்தான் ஆசையாகத் தின்கிறது.

சொண்டுக்காரி | ஆகஸ்ட் 15, இரவு 9.03

தேத்தண்ணி. ஐயோ.

பனைவடலி | ஆகஸ்ட் 16, காலை 5.50

அந்தக் கோடு பெறுமதியான கோடு. இறகு நுனியிலிருந்துதான் முளைத்து வெளியே வரும், அடி கடைசியில். ஆகவே நுனி பழசு, அடி புதுசு. நாளுக்குச் சில மில்லிமீற்றர் வளர்கிற பொருள் அது. வளர்கிற நாட்களில் பட்டினி, காய்ச்சல், பயம் ஏதும் வந்தால் அந்த நாள் ஒரு கோடாகப் பதிந்துவிடும். முதுகு இறகின் நுனி பச்சை, கோடு, அதற்குக் கீழே மஞ்சள் என்றால் கதை இதுதான்: தாய் ஊட்டும்வரை சுகமாக வளர்ந்த குஞ்சை யாரோ இடையில் எடுத்திருக்கிறார்கள், பிறகு கொடுத்த தீனி போதவில்லை. கொக்கட்டீல் என்கிற கொண்டைக் கிளியின் குஞ்சுகளுக்குக் கோலின் என்கிற சத்தைக் குறைத்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வு உண்டு. செட்டையிலும் வாலிலும் நிறம் வெளிறித்தான் வந்தது.

பைட் என்றால் குஞ்சு முதல் இறகு போர்க்கும்போதே திட்டுத் திட்டாகத் தெரியும், நுனியிலிருந்து அடிவரை ஒரே மஞ்சளாக இருக்கும். ஒரே இறகில் பாதி பச்சை, கோடு, பாதி மஞ்சள் என்பது பரம்பரை எழுதுகிற எழுத்தில்லை.

முதுகுக்கு இது சரி. செட்டையின் இரண்டு இறகும் எனக்கு விளங்கவில்லை. சத்துக்குறைவு இடது வலது பார்க்காது.

மிருதங்கம் | ஆகஸ்ட் 16, மாலை 4.30

உங்கள் உரையாடலுக்குள் நுழைகிறேன், மன்னிக்கவும். எங்கள் வீட்டில் இரண்டு பச்சை பட்ஜி (சின்ன அவுஸ்திரேலியக் கிளி). போன கிழமை இறகு போர்த்த நாலு குஞ்சில் ஒன்று முழு மஞ்சள், கண் சிவப்பு. இதுவும் தீனிக் குறையோ? மற்ற மூன்றும் பச்சைதான், ஒரே தீனிதான்.

சொண்டுக்காரி | ஆகஸ்ட் 16, மாலை 5.15

கண் சிவப்பு என்றால் தீனி இல்லை தங்கச்சி, லூட்டினோ, பரம்பரையாக மெலனின் இல்லாமல் பிறக்கிற மஞ்சள் வகை. பெட்டைக் குஞ்சு என்று இப்பவே பெயர் வையும்.

மிருதங்கம் | ஆகஸ்ட் 16, மாலை 5.21

எப்படி அக்கா இவ்வளவு கெதியாச் சொல்கிறீர்கள்? இறகே இப்பதானே போர்த்தது!

பனைவடலி | ஆகஸ்ட் 16, மாலை 6.40

லூட்டினோவுக்கான மாற்றம் Z நிறமூர்த்தத்தில் (ஆண் பெண்ணைத் தீர்மானிக்கிற குரோமோசோமில்) இருக்கிறது. பறவைகளில் சேவலுக்கு இரண்டு Z, பெட்டைக்கு ஒரு Z, ஒரு W. சேவல் குஞ்சு மஞ்சளாக வேண்டுமென்றால் தகப்பன், தாய் இருவரிடமிருந்தும் அந்த மாற்றம் வரவேண்டும். உங்கள் தாய்ப்பறவை பச்சை, அதனிடம் மாற்றம் இல்லை. ஆகவே மஞ்சள் குஞ்சு பெட்டையாகத்தான் இருக்க முடியும். தகப்பன் பச்சையாக நின்றுகொண்டு இரகசியமாக வைத்திருந்திருக்கிறார். ரிங்நெக்கிலும் இதே கணக்குத்தான்.

நீலம் வேறு கணக்கு. அது ஆண் பெண் பார்ப்பதில்லை, இரண்டு பக்கத்தாலும் வர வேணும். பட்ஜியைப் பறவையியலாளர் ஜோன் கூல்ட் அவுஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனது 1840இல். 1880 வாக்கில் பெல்ஜியத்தில் நீலம் தலைகாட்டியது. அது ஏன் நீலமானது என்பது 2017இல்தான் துலங்கியது: மஞ்சள் செய்கிற ஒரு மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. மஞ்சள் நின்றுவிட்டது, நீலம் வெளியே வந்தது.

கொடிகாமம்90 | ஆகஸ்ட் 16, இரவு 8.00

சேர், மிளகாய் விசயத்தில் தோல்வியை ஏற்றுக்கொள்கிறேன். அப்பப்பாவுக்கு மட்டும் சொல்லமாட்டேன்.

டொரொண்டோ இணுவிலான் | ஆகஸ்ட் 17, காலை 7.35

இங்கே எனக்குத் தெரிந்த ஒருவர் ஆபிரிக்கச் சாம்பல் கிளிக் குஞ்சு வாங்கினார். வால் சிவப்புத்தானே அதற்கு, இதற்கு நெஞ்சிலும் சிவப்பு இறகு. "ரெட் ஃபாக்டர்", அதாவது பரம்பரைச் சிவப்பு, என்று ஒரு நல்ல கார் வாங்குகிற காசு கொடுத்தார். வைத்தியர் இறகையும் இரத்தத்தையும் பி.சி.ஆர். சோதனைக்கு (வைரஸின் மரபுப்பொருளைத் தேடுகிற சோதனை) அனுப்பினார், அதே சொண்டு–இறகு வைரஸ். சாம்பல் கிளியில் அந்த நோய் சிவப்பாகவும் தலைகாட்டுமாம். பரம்பரையாக அப்படி வருகிற கிளிகளும் உண்மையாகவே இருக்கின்றன, அதுதான் தொல்லை. அபூர்வ நிறம் என்று யாராவது சொன்னால் காசை எண்ணமுதல் சோதனைத் தாளைக் கேளுங்கோ.

சொண்டுக்காரி | ஆகஸ்ட் 17, காலை 10.12

அது உண்மை. சாயம் பூசி விற்கிற ஆக்களும் இருக்கினம். இளஞ்சூட்டுத் தண்ணியில் பஞ்சை நனைத்து ஒரு இறகைத் துடைத்தால் தெரிந்துவிடும். சீனிக்கு அது தேவையில்லை, நுனி பச்சையாக விட்டுப் பூச யாருக்கும் பொறுமை கிடையாது.

தம்பி, தீனிக்கு வருவம். தேத்தண்ணியும் பாணும் இன்றோடு சரி. சூரியகாந்தி விதை முழுக்கக் கொழுப்பு. அதை மட்டும் தின்கிற கிளிக்குத்தான் மாமி சொன்ன ஈரல் வருத்தம் வரும், ஆகவே மாமியைச் சிரிக்காதேயும். ஆனால் ஒரே நாளில் நிறுத்தக்கூடாது, கிளி பட்டினி கிடந்தாலும் கிடக்கும், புதுசைத் தொடாது. ஒவ்வொரு கிழமையும் கொஞ்சமாகக் குறையும். தினை, சாமை, குரக்கன் கலந்து போடும். முளைகட்டின பயறு காலையில். முருங்கையிலையைக் கொத்தாகக் கூட்டில் கட்டிவிடும், அதைப் பிய்க்கிறதே அதுக்கு ஒரு வேலை. கோவைப்பழம் வேலியில் கிடைக்கும், கொய்யாப்பழம், கரட். அவித்த முட்டை கிழமைக்கு ஒரு முறை, சுண்டுவிரல் நுனியளவு. பட்டர் ஃப்ரூட் மட்டும் வேண்டாம், கிளிக்கு நஞ்சு. சொக்லேற்றும் அப்படித்தான்.

மிருக வைத்தியரிடம் ஒருக்கால் காட்டும். காலை எச்சத்தையும் ஒரு பேப்பரில் மடித்துக்கொண்டு போகவும்.

கோண்டாவிலான் | ஆகஸ்ட் 23, இரவு 9.30

காட்டினேன். வைத்தியர் சீனியைத் துவாயால் சுற்றிப் பிடித்து நெஞ்செலும்பைத் தடவிப் பார்த்தார், தராசில் வைத்தார்: 118 கிராம், ரிங்நெக்குக்குப் பிழையில்லை என்றார். எச்சத்தைப் பார்த்தார். வயிற்றுத் தோலில் தண்ணி தடவி ஈரல் ஓரம் தெரிகிறதா என்று பார்த்தார், தெரியவில்லை. "இப்ப பயப்பட ஒன்றுமில்லை, தீனியை மாற்று. புது இறகு முறுகி வந்தால் உடனே வா, வைரஸ் சோதனைக்கு அனுப்புவம்" என்றார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் தங்கச்சி வாயைத் திறந்தாள். வைகாசியில் கூட்டுக் கம்பிக்குள் சீனியின் இடது செட்டை மாட்டியதாம். இவள் பதறி இழுத்ததில் இரண்டு இறகு இரத்தத்தோடு கையில் வந்துவிட்டது. நான் ஏசுவேன் என்று மஞ்சள் தூள் வைத்து அமத்திவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறாள். முளைத்து வந்தது அந்த இரண்டும்தான்.

அம்மா உடனே, "மஞ்சள் வைத்தால் மஞ்சளாய்த்தானே முளைக்கும்" என்றா.

பனைவடலி | ஆகஸ்ட் 24, காலை 6.15

அம்மாவுக்கு என் வணக்கம்!

இடது செட்டை விளங்கிவிட்டது. குழியில் மெலனின் செய்கிற உயிரணுக்கள் காயத்தில் அழிந்தால், அந்தக் குழியிலிருந்து வருவது மஞ்சள்தான். தென்னமெரிக்காவில் பழங்குடிகள் இதை வேண்டுமென்றே செய்தவர்கள். பச்சைக் கிளியின் இறகைப் பிடுங்கி, தவளைத் தோலின் கசிவை அந்த இடத்தில் தேய்ப்பார்கள், முளைப்பது மஞ்சளாக வரும் என்பார்கள். டார்வினின் நூலிலும் அமேசன் பக்கக் கிளிக்குப் பெரிய கெளுத்தி மீனின் கொழுப்பை ஊட்டி மஞ்சளும் சிவப்பும் வரவைக்கிறார்கள் என்று இயற்கையியலாளர் வாலஸ் சொன்னதாக ஒரு குறிப்பு உண்டு. தவளையை நான் கொஞ்சம் நம்புவேன். கெளுத்தியை எனக்குக் குழம்பில்தான் நம்பிக்கை. பிடுங்குகிறதே பாதி வேலையைச் செய்துவிடும்.

தங்கச்சியை ஏசாதேயுங்கோ தம்பி. சொல்லாமல் விட்டிருந்தால் நாங்கள் இன்னும் தலையைச் சொறிந்துகொண்டிருப்போம்.

கோண்டாவிலான் | ஏப்ரல் 19, இரவு 8.20

பழைய இழையைக் கிளப்புகிறேன், முடிவைச் சொல்லாமல் போனால் சரியில்லை.

கார்த்திகையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி முளைத்தது. பாண் நின்ற முதல் இரண்டு கிழமையும் சீனி என்னோடு கதைக்கவே இல்லை. குரக்கனை ஒவ்வொன்றாக எடுத்துக் கூட்டுக்கு வெளியே எறியும். முருங்கையிலைதான் காப்பாற்றியது.

முதுகு இப்போது முழுப் பச்சை. விழுந்த இறகுகளை எடுத்து விளக்கில் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது, கோடு ஒன்றும் இல்லை. செட்டையில் ஒன்று முக்கால்வாசி பச்சையாகத் திரும்பியிருக்கிறது, அடியில் மட்டும் மஞ்சள். மற்றது கொட்டி, திரும்பவும் சுத்த மஞ்சளாகவே வந்தது. தங்கச்சி அதைத் தன் இறகு என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். கழுத்தில் ஆரம் இன்னும் இல்லை, ஆணோ பெண்ணோ தெரிய இன்னும் ஒரு வருசமாவது பார்க்க வேணும்.

தந்தவர் போன கிழமை எடுத்தார், "அந்தப் பைட் குஞ்சு இருக்குதோ, ஒரு ஆள் கேட்கிறார்" என்று. பச்சையாகிவிட்டது என்றேன். வைத்துவிட்டார்.

அக்கா, ஒரு கேள்வி. சீனிக்குச் சோடியாக இன்னொன்று பார்த்திருக்கிறேன், முழுப் பச்சை, காலில் வளையமும் உண்டு. தனியாக வைக்க என்னிடம் கூடு இல்லை. உங்களிடம் வெறுங்கூடு ஏதும் இருக்குதோ?

சொண்டுக்காரி | ஏப்ரல் 19, இரவு 8.47

இருக்குது. ஞாயிறு பின்னேரம் வந்து எடும். 45 நாள், வேறு அறையில், வேறு தண்ணிக் கோப்பை. சீனிக்குத் தீனி வைத்த பிறகுதான் புதுசுக்கு, மாறி வைக்கக்கூடாது.

கூட்டை நான் குளோரின் போட்டுக் கழுவி வெயிலில் வைத்துத் தருவன். ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோய் நீரும் ஒருக்கால் கழுவும். என்னை நம்பாதேயும்.

கொடிகாமம்90 | ஏப்ரல் 19, இரவு 9.02

அந்த மஞ்சள் இறகு அடுத்த முறை விழுந்தால் எனக்கு ஒன்று வேணும் மச்சான். அப்பப்பாவுக்குக் காட்ட.